மீன் தொட்டிக்குள் ஒரு அப்பாவும் மகனும்

மீன் தொட்டியில் செடி எதற்கு? அழகுக்கு என்பார்கள், ஆக்சிஜனுக்கு என்பார்கள். இரண்டும் சரி தான். ஆனால் செடி செய்யும் இன்னொரு பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாது. அது புரிய இரண்டு தலைமுறை ஆயிற்று.

1849-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு சோதனை செய்தார். சுமார் 12 காலன் (ஏறத்தாழ 54 லிட்டர்) பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரம். அதில் பாதி தண்ணீர், அடியில் மணலும் கல்லும், இரண்டு சின்ன தங்க மீன்கள், வாலிஸ்நேரியா என்ற செடி. நாடா போல நீண்ட இலையுள்ள இந்தச் செடி இந்தியக் குளங்களிலும் வளர்கிறது. கொஞ்ச நாளில் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுக்கிறது, செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுக்கிறது, கணக்கு சரியாகி விட்டது என்று 1850-ல் எழுதினார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் காட்சியகம் வந்தது. சென்னை மெரினாவில் 1909-ல் ஒன்று வந்தது.

ஆனால் அந்தக் கணக்கில் பாதி விட்டுப் போயிருந்தது. மீன் வெளியேற்றும் அம்மோனியா விஷம். அது எங்கே போனது?

விடை தேடியவர்களில் ஒருவர் வாரிங்டனின் மகன். அவர் பெயரும் ராபர்ட் தான். அப்பா தொட்டி வைத்தபோது அவர் சிறுவன். பின்னாளில் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த அவருக்கு மீனைப் பற்றிக் கவலை இல்லை. வயலில் போட்ட அம்மோனியா உரம் எப்படி நைட்ரேட் ஆகிறது என்பதே கேள்வி. 1877-ல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் சாக்கடை நீரை மணலில் வடிய விட்டு, இந்த மாற்றத்தைச் செய்வது உயிரினங்கள் என்று காட்டினார்கள். குளோரோஃபார்ம் பட்டதும் மாற்றம் நின்று விட்டது. மகன் வாரிங்டன் இது இரண்டு படியாக நடப்பதைக் கண்டார். முதலில் அம்மோனியா நைட்ரைட் ஆகிறது, பிறகு நைட்ரைட் நைட்ரேட் ஆகிறது. அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890-ல் வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார்.

அப்பாவின் தொட்டி மணலில் நடந்ததும் இதே வேலை தான். கடைசியில் சேரும் நைட்ரேட்டைச் செடி உரமாக எடுத்துக்கொள்கிறது. அம்மோனியா கிடைத்தால் அதையும் நேராக எடுக்கும்.

இன்று கொளத்தூரில் மீன் வாங்கி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வீடுகளில் வளர்ப்பவர்களுக்கும் இந்தக் கதை உதவும். புதுத் தொட்டியில் பாக்டீரியா நிலைகொள்ள சில வாரங்கள் ஆகும். அதற்குள் நிறைய மீன் விட்டால் சாகும். சுத்தம் என்று மணலையும் ஃபில்டரையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உரமும் கழிவுநீரும் இறங்கிய இடங்களில் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் தான் எல்லை. அப்படிப்பட்ட தண்ணீரை எத்தனை முறை மாற்றினாலும் தொட்டியில் நைட்ரேட் குறையாது. வேகமாக வளரும் செடி தான் குறைக்கும்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. வளர்ந்த இலையை வெட்டி வெளியே எடுத்தால் தான் நைட்ரேட் தொட்டியை விட்டுப் போகும். அழுக விட்டால் திரும்பத் தண்ணீருக்கே வரும். நத்தை தின்றாலும் அதன் கழிவு தொட்டியில் தானே சேர்கிறது!