சேறு தடுத்த பலகை

வேகமானியும் பெட்ரோல் முள்ளும் இருக்கும் இடத்தை டாஷ்போர்டு என்கிறோம். அந்தப் பெயருக்கும் அளவு காட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை. ‘டாஷ்’ என்றால் வேகமாக மோதித் தெறிப்பது, ‘போர்டு’ பலகை. தெறித்தது சேறு.

19ஆம் நூற்றாண்டுக் குதிரை வண்டிகளில், ஓடும் குதிரையின் குளம்பு கிளப்பும் சேறும் கல்லும் உட்கார்ந்திருப்பவர் மேல் விழாமல் இருக்க, கால்வைக்கும் தட்டின் முன்விளிம்பில் ஒரு மறைப்பு வைத்தார்கள். மரப்பலகை, அல்லது இரும்புச் சட்டத்தில் இழுத்துத் தைத்த தோல். சவுக்கைச் செருகும் குழலும் அதிலேயே இருக்கும்.

குதிரை போயிற்று, பலகை போகவில்லை. அமெரிக்காவில் ரான்சம் ஓல்ட்ஸ் 1901இல் விற்பனைக்கு விட்ட ஓல்ட்ஸ்மொபீல் காருக்கு அந்தப் பலகையே பெயர் கொடுத்தது: ‘கர்வ்டு டாஷ்’. சுருட்டிய பாயின் நுனிபோல முன்பக்கம் வளைந்து எழும்பும். அதற்கு முன்னால் எஞ்சின் கிடையாது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இருக்கைக்கு அடியில் படுத்திருக்கும். திருப்புவதற்குச் சக்கரமும் இல்லை, ஒரு நீண்ட பிடிதான். விலை 650 டாலர். முதல் வருடம் 425 கார்கள். 1904இல் 5,000க்கும் மேல். குதிரை வண்டி வாங்கிப் பழகியவர்களுக்கு அந்த வடிவம் அந்நியமாகத் தெரிந்திருக்காது.

பலகைக்குப் புது வேலை தந்தது எஞ்சின் இடம் மாறியதுதான். பிரான்சில் எமில் லெவாசோர் 1891லேயே எஞ்சினை முன்னால் வைத்துவிட்டார். அந்த அமைப்பு பரவியதும், சேறு தடுத்த பலகை எஞ்சினின் சூட்டையும் எண்ணெயையும் தடுக்க நின்றது. ஓட்டுநர் பக்கம் காலியாகக் கிடந்த அதன் முகத்தில் கருவிகள் ஏறின. எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் காட்டும் கண்ணாடிக் குழாய்களைச் சில கார்களில் அங்கே பொருத்தினார்கள். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில், தீப்பொறி தரும் நான்கு காயில்கள் அடங்கிய மரப்பெட்டி அங்கே இருந்தது.

பிற்பாடு பலகை இரண்டானது. எஞ்சினை ஒட்டிய தடுப்புக்கு ‘ஃபயர்வால்’ என்று வேறு பெயர் வந்தது. பழைய பெயர் கருவிகளோடு ஓட்டுநர் பக்கம் நகர்ந்து, இப்போது கணினித் திரைக்கும் போய்விட்டது. ஆனால் மாடல் டி காலத்துக் காரைச் சீரமைப்பவர் உதிரிபாகப் பட்டியலில் ‘டாஷ்’ என்று கண்டால், மீட்டர் பலகையைத் தேடக்கூடாது. எஞ்சினுக்கும் தன் காலுக்கும் நடுவே நிற்கும் தடுப்பைத்தான் பார்க்க வேண்டும்.