தாம்பரம் சானட்டோரியமும் புகையின் பிடியும்

சென்னையின் தென்புறநகர் இரயிலில் செல்வோர் 'தாம்பரம் சானட்டோரியம்' என்னும் நிலையத்தின் பெயரைப் பொருள் எண்ணாமலே சொல்லிப் பழகிவிட்டனர். 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சவுரிமுத்து 12 படுக்கைகளுடன் அங்கு நிறுவிய காசநோய் மருத்துவ இல்லமே அப்பெயருக்குக் காரணம். அவர் முன்னர் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய இல்லமொன்றை நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் அங்கு அவரிடம் சிகிச்சை பெற்றதுண்டு. தாம்பரம் இல்லத்தை 1937இல் அரசு ஏற்றது. தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே அக்காலத்து மருந்துகள்.

தூய காற்றை நாடிய அந்நுரையீரல்களுக்குப் பீடிப் புகை என்ன செய்தது? தெளிவான விடை வெகு காலம் கழித்தே கிடைத்தது. சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்துபோன ஏறத்தாழ 43,000 ஆண்களைக் குறித்து டாக்டர் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. புகைத்தோரிடையே காசநோய்ச் சாவு புகைக்காதோரிடையே இருந்ததினும் நான்கு மடங்குக்கு மேற்பட்டிருந்தது. இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் ஏறக்குறையப் பாதிக்குப் புகையே காரணம் என்று அவர்கள் கணித்தனர்.

காசநோய்க்கோ மருந்து வந்துவிட்டது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959இல் உலகிற்குக் காட்டியது. புகைப்பழக்கத்திற்கு மட்டும் 'விட்டுவிடு' என்னும் சொல்லன்றி வேறு மருந்து அப்போது இருக்கவில்லை.

அச்சொல் ஏன் பயன்படவில்லை? உள்ளிழுத்த நிகோட்டின் சில வினாடிகளில் மூளையை அடைந்து, அங்குள்ள ஏற்பிகளைப் பற்றி, டோப்பமினைச் சுரக்கச் செய்கிறது. நாளடைவில் அவ்வேற்பிகள் பெருகுகின்றன. இரத்தத்திலோ நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. உடனே எரிச்சலும் அமைதியின்மையும் தலைதூக்குகின்றன. இரவில் உறக்கமும் கெடுகிறது. அடுத்த பீடி இன்பத்திற்காக அன்று, அத்துன்பம் தணியவே பற்றவைக்கப்படுகிறது.

மருத்துவ உலகமே இதை ஏற்கத் தயங்கியது. 1964ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை இதனை வெறும் பழக்கம் என்றே வகைப்படுத்திற்று. 1988ஆம் ஆண்டு அறிக்கையே இதை அடிமைத்தனம் எனத் திட்டமாய்க் கூறியது. அறிஞரே இத்துணைக் காலம் எடுத்துக்கொண்டனர் என்றால், புகைப்பவரை மனவுறுதியற்றவர் என்று மட்டும் கடிந்துகொண்ட நமது பிரசங்க மேடைகளை எளிதில் குறை கூறிவிட இயலாது. ஆயினும் அக்கடிதல் பலரை மறைவில் புகைக்கச் செய்ததேயன்றி விடுவிக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

2002இல் நாடெங்கும் 13 இடங்களில் புகையிலை நிறுத்த மையங்கள் ஏற்பட்டபோது, அடையாறு புற்றுநோய் நிலையமும் அவற்றுள் ஒன்றாயிற்று. ஆலோசனையும், தேவையாயின் நிகோட்டின் மெல்பசை போன்றவையும் இம்முறையில் இடம்பெறுகின்றன. முதல் வாரமே மிகக் கடினமானது. அவ்வாரத்தில் தவறியவரை மறுபடி அழைத்துத் தொடங்கச் செய்வதும் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ளப்படுகிறது.