நாயகன் அவரே, இயக்குநர் வேறு: தொடர் படங்களில் ஆள் மாறும் கதை

2007ஆம் ஆண்டு ஹட்டன் நகரில் ஒரு சீடிக் கடையில் வேலைக்கு நின்றேன். ‘ஸ்பைடர்மேன் 3’ வந்த வருடம் அது. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சம்பள நாளன்று நகரத்துக்கு இறங்கும் பொடியன்கள் கடையில் எட்டிப் பார்த்து, “அண்ணே, நாலாவது வந்திருச்சா?” என்று கேட்பார்கள். “வரும் தம்பி, எடுத்துக்கிட்டு இருக்காங்க” என்பேன். மூன்று வருடம் இதே பதிலைச் சொன்னேன். கடைசியில் அந்தப் படம் வரவே இல்லை. 2012இல் வந்தது வேறு ஸ்பைடர்மேன். நடிகர் வேறு, இயக்குநர் வேறு, கதையும் முதலிலிருந்து. பழைய வாடிக்கைக்காரன் ஒருவன் சீடியைத் திருப்பிக் கொண்டுவந்து, “இது டூப்பு” என்று சண்டை பிடித்தான். அவனுக்கு விளக்கம் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. இந்தக் கட்டுரை ஒருவகையில் அவனுக்கான பதில்தான்.

நடந்தது இதுதான். சாம் ரைமி 2002, 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்களை எடுத்தார். நான்காவதை 2011 மே மாதத்தில் வெளியிட சோனி நிறுவனம் திகதி குறித்துவிட்டது. திரைக்கதை ரைமிக்குப் பிடிபடவில்லை. அந்தத் திகதிக்குள் நல்ல படமாகத் தன்னால் முடிக்க முடியாது என்றார். 2010 ஜனவரியில் அந்தப் படம் கைவிடப்பட்டது. அதே மாதத்தில், சில நாட்களுக்குள், மார்க் வெப் என்பவர் புதிய இயக்குநர் என்று அறிவித்தார்கள். அவர் அதுவரை எடுத்திருந்தது ஒரேயொரு முழுநீளப் படம், அதுவும் ஒரு சிறிய காதல் கதை. அவர் இரண்டு படம் எடுத்தார். பிறகு ஜோன் வொட்ஸ் மூன்று எடுத்தார். அதற்கடுத்தது டெஸ்டின் டேனியல் கிரெட்டன் கைக்குப் போனது. சிலந்தி மனிதனின் உடுப்பு ஒன்றுதான், தைக்கிற ஆட்கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

கோடிக்கணக்கில் பணம் புரளும் ஒரு படத்தை ஒரு சின்னப் படம் எடுத்தவரிடம் ஏன் கொடுக்கிறார்கள்? கிறிஸ்டோபர் நோலன் 2005இல் பேட்மேனைத் தொடுவதற்கு முன் எடுத்தவையும் அளவான படங்களே. ‘தோர்’ வரிசையின் மூன்றாம் படத்தை (2017) எடுத்த டைக்கா வைட்டிட்டி, நியூசிலாந்தில் சிறிய நகைச்சுவைப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். காரணங்கள் பல. சம்பளம் குறைவு, சொல்வழி கேட்பார் என்ற எதிர்பார்ப்பு. அதோடு, பறப்பது, மோதுவது, கட்டடம் இடிவது போன்ற காட்சிகளைக் கணினியில் முன்கூட்டியே வரைந்து வைக்கத் தனிக் குழுக்கள் இருக்கின்றன. இயக்குநரிடம் அவர்கள் உண்மையில் வாங்க நினைப்பது, இரண்டு பேர் ஓர் அறையில் நின்று பேசும்போது அதை நம்ப வைக்கும் திறமையை. சண்டைக் காட்சியை வாடகைக்கு எடுக்கலாம், மனிதக் காட்சியை எடுக்க முடியாது என்பது என் கணிப்பு.

ஆளை மாற்றுவது எப்போதும் சுமுகமாக நடப்பதில்லை. இதில் பழைய, கசப்பான கதை ‘சுப்பர்மேன் 2’. ரிச்சர்ட் டொனர் முதலாம், இரண்டாம் பாகங்களை 1977இலிருந்து ஒன்றாகவே எடுத்துவந்தார். இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி முடிந்திருந்தது. தயாரிப்பாளர்களான சல்கைண்ட் குடும்பத்தோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே அற்றுப்போனது. முதல் படம் ஓடிய பிறகு அவரை நீக்கிவிட்டு, தங்களோடு முன்பு வேலை செய்த ரிச்சர்ட் லெஸ்டரை அழைத்தார்கள். லெஸ்டரின் பெயர் திரையில் வர வேண்டுமானால் படத்தில் கணிசமான பங்கு அவர் எடுத்ததாக இருக்க வேண்டும். அதனால் எடுத்து முடித்த காட்சிகளையே திரும்ப எடுத்தார்கள். வில்லனாக நடித்த ஜீன் ஹக்மன் திரும்பி வர மறுத்துவிட்டார். 1980இல் வந்த படத்தில் அவர் தோன்றும் இடங்களில் டொனர் எடுத்தவையும், முதுகு காட்டி நிற்கும் வேறோர் ஆளும் கலந்திருக்கிறார்கள். டொனரின் பிரதி வெளிவர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருபத்தாறு வருடம்.

பேட்மேன் கதை வேறு மாதிரி. டிம் பேர்ட்டன் எடுத்த இரண்டாம் படம் (1992) மிகவும் இருண்டது, பிள்ளைகளுக்கு ஆகாது என்று பெற்றோர் முறையிட்டார்கள். பொம்மையும் பேர்கரும் விற்கும் கம்பனிகளுக்கும் அது பிடிக்கவில்லை. அடுத்ததை ஜோயல் ஷூமாக்கரிடம் கொடுத்தார்கள். 1995இல் வந்த அவருடைய முதல் படம் பேர்ட்டனின் இரண்டாம் படத்தைவிடக் கூடுதலாக வசூலித்தது. மாற்றியவர்கள் கணக்குச் சரி என்று நினைத்திருப்பார்கள். 1997இல் வந்த அடுத்தது விழுந்தது. எட்டு வருடம் பேட்மேன் படமே இல்லை. பின்னாளில் ஷூமாக்கர் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். பொம்மை விற்பதற்காகப் படம் எடுக்கச் சொன்னவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்டதாக நான் வாசித்ததில்லை.

தமிழுக்கு வருவோம். நமக்குச் சுப்பர் ஹீரோ படங்கள் குறைவு. மிஷ்கினின் ‘முகமூடி’ (2012), பி.எஸ். மித்ரனின் ‘ஹீரோ’ (2019) என்று விரல்விட்டு எண்ணலாம். ஷங்கர் ‘எந்திரன்’ (2010) படத்தையும் ‘2.0’ (2018) படத்தையும் தானே எடுத்ததால் அங்கே மாற்றம் என்ற பேச்சு எழவில்லை. ஆனால் நம்முடைய சக்தி படைத்த நாயகர்கள் பெரும்பாலும் வானத்திலிருந்து வருவதில்லை, கோயிலிலிருந்துதான் வருவார்கள். தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவலாக ரோதமுனி என்று ஒரு சாமியையே உண்டாக்கிக்கொண்டவர்கள் நாங்கள். ஆகவே ‘மூக்குத்தி அம்மன்’ படத்தை இந்தப் பட்டியலில் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆர்.ஜே. பாலாஜியும் என்.ஜே. சரவணனும் இயக்கி, நயன்தாரா அம்மனாக நடித்து, கொரோனாவால் திரையரங்குகள் முடங்கியிருந்த 2020 தீபாவளிக்கு இணையத்தில் வெளியானது. லயத்தில் பத்துப் பேர் ஒரு கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்த படம் அது.

அதன் இரண்டாம் பாகத்துக்கு வேல்ஸ் நிறுவனம் தெரிவு செய்தவர் சுந்தர் சி. அம்மன் நயன்தாராவேதான். 2025 மார்ச்சில் சென்னையில் பெரிய பூசை போட்டுத் தொடங்கினார்கள். இந்தத் தெரிவின் கணக்கு வெளிப்படையானது. 2014இலிருந்து ‘அரண்மனை’ வரிசையில் நான்கு பேய்ப்படங்கள் எடுத்தவர் சுந்தர் சி. பெரிய கூட்டத்தை வைத்துச் சொன்ன நாளில் முடித்துக்கொடுப்பவர் என்று பெயர் வாங்கியவர். முதல் படத்தின் உயிர், போலிச் சாமியாரை அம்மனே நக்கலடிப்பதில் இருந்தது. அது பாலாஜியின் வாய். வாய் போய்விட்டால் அம்மனிடம் சூலம் மட்டும்தான் மிஞ்சும் என்பது என் பயம். பாலாஜியோ சூர்யாவை வைத்து ‘கருப்பு’ எடுக்கப் போய்விட்டார். இன்னொரு காவல் தெய்வத்தின் பெயர்.

இந்தியில் ‘க்ரிஷ்’ வரிசையை ராகேஷ் ரோஷன் 2003, 2006, 2013 ஆண்டுகளில் தானே இயக்கினார். நான்காவதை யார் இயக்குவது என்று பல வருடம் இழுபட்டு, 2025 மார்ச்சில் அறிவித்தார்: நாயகனாக நடிக்கும் மகன் ஹிருத்திக் ரோஷனே இயக்குநர். நடிக்க வருவதற்கு முன் தந்தையிடம் உதவி இயக்குநராக நின்றவர் அவர். வீட்டுச் சொத்து வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. ‘பிச்சைக்காரன்’ படத்தை 2016இல் சசி எடுத்தார், 2023இல் இரண்டாம் பாகத்தை நாயகன் விஜய் அன்ரனியே இயக்கினார். ‘துப்பறிவாளன்’ இரண்டாம் பாகத்தில் மிஷ்கினுக்கும் விஷாலுக்கும் செலவுக் கணக்கில் பிணக்கு வந்து, 2020இல் விஷால் இயக்குநர் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். அமெரிக்காவில் அப்படிச் செய்ய முடியாது. 1976இல் வந்த ஒரு கௌபோய் படத்தில் இயக்குநர் பிலிப் காஃப்மன் நீக்கப்பட்டு, நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வூட் அந்த இடத்துக்கு வந்தார். அதன்பிறகு இயக்குநர் சங்கம் ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு படத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் எவரும் அதே படத்தின் இயக்குநரை அகற்றிவிட்டு அந்த இடத்துக்கு வர முடியாது.

அப்படியானால் கதை யாருடையது? இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ தயாரிப்பாளர்தான். இயக்குநரையும் கூட்டு ஆசிரியராகச் சேர்க்கும் யோசனை 2010இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தில் இருந்தது, 2012இல் சட்டமாகியபோது அது இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் முதன்மை இயக்குநர் சட்டப்படியே ஆசிரியர்களில் ஒருவர். அமெரிக்காவில் கூலிக்குச் செய்த வேலை என்ற அடிப்படையில் உரிமை நிறுவனத்துக்குப் போய்விடும். ஆனால் தன் விருப்பப்படி ஒருமுறை படத்தை வெட்டித் தொகுத்துக் காட்டப் பத்து வார அவகாசத்தைச் சங்கம் இயக்குநருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறது. கொழுந்து பறித்தவருக்கும் தேயிலைப் பெட்டிக்கும் என்ன உறவோ, ஏறக்குறைய அதே உறவுதான்.

எங்கள் மலையகத்துக்கும் திரையில் ஒரு நாயகன் இருந்தார். தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன். அவர் மூன்று படங்களைத் தானே தயாரித்து, தானே கதாநாயகனாக நடித்தார். மூன்றுக்கும் மூன்று இயக்குநர்கள். தோட்டத் தொழிலாளரின் வாழ்வைப் பேசிய ‘புதிய காற்று’ (1975) படத்துக்கு எஸ். இராமநாதன், ‘நான் உங்கள் தோழன்’ (1978) படத்துக்கு எஸ்.வி. சந்திரன், ‘நாடு போற்ற வாழ்க’ (1981) படத்துக்குச் சிங்கள இயக்குநர் யசபாலித நாணயக்கார. இவை ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்று அல்ல. ஆனாலும் தோட்டத்து ஆட்களுக்கு மூன்றும் ஒரே ஆளின் கதைதான். கண்டிச் சீமையில் பிறந்த எம்.ஜி.ஆரை எப்படிப் பார்த்தார்களோ அப்படி. இயக்குநர் யார் என்று என் அப்பாவிடம் கேட்டால் தெரியாது, “கணேசன் படம்” என்பார்.

நான்காவது கணேசன் படம் வரவில்லை. 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது, படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. இலங்கைத் தமிழ்த் திரைப்பட முயற்சிகள் அத்தோடு ஏறத்தாழ நின்றுபோயின. 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய எங்கள் உறவுகள் அந்தப் படங்களின் நினைவையும் கொண்டுபோனார்கள். 2009க்குப் பிறகு கிளிநொச்சியில் ஒரு பெரியம்மாவைச் சந்தித்தேன். ‘புதிய காற்று’ பார்த்த நாளில் உடுத்திய சேலை நிறம்வரை சொன்னார். படத்தின் கதையை மட்டும் அவரால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை.

இவ்வளவையும் எழுத என்னைத் தூண்டியது எங்கள் தோட்டத்துக் காமன் கூத்து. மாசி மாதத்தில் காமன் ஊன்றி, தப்படித்து, ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். கடைசி இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க மன்மதன் எரிவான், பிறகு எழுவான். ஒவ்வொரு வருடமும் அதே நாயகன், அதே கதை. அதை நடத்திக்கொடுக்கும் வாத்தியார்தான் இயக்குநர். எங்கள் பழைய வாத்தியார் இறந்தபோது அடுத்தவர் யார் என்று கோயிலடியில் கூட்டம் கூடினார்கள். இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் வாத்தியாரின் மகன், கொழும்பில் கடைவேலை. அப்பாவின் பாட்டுக்கொப்பி அவனிடம் இருந்தது. மற்றவர் பல வருடம் ரதி வேசம் கட்டி ஆடியவர். கொப்பி இல்லை, முக்கால்வாசிப் பாட்டு மனப்பாடம்.

விடிய விடியப் பேசி ரதிக்காரரைத்தான் தெரிவு செய்தார்கள். ஊரில் இருக்கிறவர், தினமும் ஒத்திகைக்கு வரக்கூடியவர் என்பது காரணம். மகன் கோபித்துக்கொண்டு கொப்பியைத் தர மறுத்தான். “அப்பா எழுதினது, எங்க வீட்டுப் பொருள்” என்றான். “அவர் எழுதினது இல்லப்பா, அவருக்கு முந்தியே இருந்தது” என்றார் ஒரு தாத்தா. இரண்டும் உண்மை என்றுதான் எனக்குப் பட்டது. மனப்பாடத்தில் இல்லாத பாட்டுகளைக் கிழவிகளிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார்கள். ஓரிரண்டு இடத்தில் மெட்டு மாறிப்போனது. தூதன் வரும் இடத்தில் ரதிக்காரர் புதிதாக நாலு வரி சேர்த்தார், அதில் சம்பளப் பிரச்சினை வந்தது, சனம் கைதட்டியது. பெரியவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எரிப்பு இரவுக்கு மகன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். கூட்டத்துக்குப் பின்னால், தேயிலைச் செடி ஓரமாக நின்று பார்த்தான். மன்மதன் எழும் வரைக்கும் நிற்கவில்லை, ஹட்டனுக்கு இறங்கி இரவு பஸ் பிடித்துவிட்டான். கொப்பி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.