கல்லில் ஏறாத பெயர்கள்

ஜவ்வாது மலையின் தென்புறத்தே அமைந்த செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரை மீட்கும் போரில் உயிர் துறந்த எளிய மறவர்களின் பெயரையும் உருவத்தையும் பல்லவர் காலம் முதலே அவை தாங்கி நிற்கின்றன. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லொன்று, கள்வரோடு போராடிய ‘கோவிவன்’ என்னும் நாயின் பெயரைக்கூட மறவாமல் பதிவு செய்துள்ளது.

அம்மலைக்கு வடக்கே பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் ஆகிய ஊர்கள் உள்ளன. செங்கத்தார் உயிர் கொடுத்துக் காத்தது ஆநிரை. இவ்வூரார் வாழ்வு கண்டது அவற்றின் தோலில். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்டு, கடுக்காய் நீரில் தோய்த்த தோல்கள் இலண்டன் சந்தை வரை சென்றன. அவ்வணிகத்தின் செல்வம் கல்வியாக மலர்ந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி (1951), மேல்விஷாரம் சி. அப்துல் ஹகீம் கல்லூரி (1965) ஆகியவை அதற்குச் சான்று. வள்ளல்களின் பெயர்கள் அங்கே நிலைத்துவிட்டன, அது தகும். ஆனால் பட்டை உரித்தவர், தொட்டியில் இறங்கி நின்றவர், சதை சீவியவர் ஆகியோரின் பெயர்களை எந்த வாயிற்கல்லில் தேடுவது? அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சகோதரர்களும் பெருந்தொகையினராக இருந்தனர்.

அத்தொழிலை இழிவாகக் கருதியது சமூகமே, மார்க்கம் அன்று. பதனிடப்பட்ட தோல் தூய்மை பெறுகிறது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கு. அரபு நாட்டில் ‘கரள்’ என்னும் துவர்ப்புப் பொருளும், நம் மண்ணில் ஆவாரையும் அப்பணியைச் செய்தன. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டுத் தைத்து, அவ்வருவாயை ஏழைகளுக்கு ஈந்தார்கள். வக்ஃபுச் சட்டத்திற்கு நூல் செய்த ஹனஃபி இமாம் (மறைவு ஹிஜ்ரி 261) ‘கஸ்ஸாஃப்’, அதாவது செருப்புத் தைப்பவர், என்ற பெயராலேயே இன்றும் அறியப்படுகிறார்.

நினைவுச் சின்னம் எவ்வடிவில் அமைய வேண்டும்? சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. பாறையை நகர்த்தும் அந்நால்வரும் பெயரற்ற உழைப்பிற்குப் பெருமை சேர்த்தனர். உருவச் சிலையை நம் மார்க்க அறிஞர்கள் ஏற்பதில்லை. எனினும் அது சாக்காகிவிடலாகாது. முஸ்லிம் கைவினைஞர்கள் உலோகக் கலத்திலும் கட்டடத்திலும் ‘இன்னாரின் அமல்’ என்று தம் பெயரைப் பொறித்து வந்தனர். அமல் என்பது வேலை. மறுமையில் நிறுக்கப்படும் செயலும் அதுவே. பழைய சதை சீவும் கத்தி, ஒரு சுண்ணாம்புத் தொட்டி, அவற்றின் அருகே தொழிலாளர் பெயர்களைத் தாங்கிய ஒரு கற்பலகை: இவையே போதும்.

அக்கல்லில் மற்றொரு வரியும் இடம்பெற வேண்டும். தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டது குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது; மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஆற்றின் துயரத்தை மறைத்துவிட்டுத் தொழிலின் புகழை மட்டும் பொறித்தால், அது வரலாறன்று, விளம்பரம். இரண்டையும் ஒருங்கே எழுதும் நேர்மையே, அத்தொட்டிகளில் கால் வெந்து உழைத்தோருக்கு நாம் செலுத்தும் கடன்.