கோல்கொண்ட்

கோல்கொண்ட், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் இல்லம். செக் நாட்டில் பிறந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. கான்கிரீட்டைப் பூச்சால் மறைக்காமல் அப்படியே காட்டிய இந்தியாவின் தொடக்ககால நவீனக் கட்டடங்களில் ஒன்று.

பின்னணி

ரேமண்ட், பிராங்க் லாய்டு ரைட்டின் இம்பீரியல் ஹோட்டல் பணிக்காக டோக்கியோ சென்று அங்கேயே அலுவலகம் நடத்தியவர். ஜப்பானில் அவரை அறிந்திருந்த பவித்ரா என்ற பிரெஞ்சு ஆசிரமவாசி வழியாக இப்பணி அவரிடம் வந்தது. சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் ஐதராபாத் நிஜாம் அரசு நிதி அளித்தது. அதன் நினைவாக, கோல்கொண்டாவின் பெயர் கட்டடத்துக்குச் சூட்டப்பட்டது.

கட்டுமானம்

முதலில் ஓர் அறையை முழு அளவில் மாதிரியாகக் கட்டிப் பார்த்தனர். ரேமண்டின் அலுவலகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நகஷிமாவும், லெ கார்புசியேவிடம் பணியாற்றிய பிரான்டிஷெக் சம்மரும் பணியிடத்திலேயே இருந்து வேலையை நடத்தினர். கட்டியவர்களில் பலர் கட்டடத் தொழில் அறியாத ஆசிரமவாசிகள். கதவு, ஜன்னல்களுக்கான பித்தளைப் பொருத்திகளைப் பழைய பாத்திரங்களை உருக்கி ஆசிரமப் பட்டறையிலேயே வார்த்தனர். ரேமண்ட் 1938இலும் நகஷிமா 1939இலும் புதுச்சேரியை விட்டுச் சென்றனர். உலகப் போருக்கு நடுவிலும் பணி தொடர்ந்து, 1942இல் நிறைவுற்றது.

அமைப்பு

நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கியவை. குறுகிய பக்கங்களே கிழக்கு, மேற்கு வெயிலை எதிர்கொள்கின்றன. நீண்ட பக்கங்களில் ஜன்னல்களுக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைமட்ட லூவர் பலகைகள் உள்ளன. அவை வெயிலையும் மழையையும் தடுத்து, காற்றை உள்ளே விடும். வடக்கில் நடைபாதை, தெற்கில் அறைகள். இடையிலுள்ள தேக்குச் சறுக்குக் கதவுகள் மூடியிருந்தாலும் பலகை இடுக்குகள் வழியே காற்று செல்லும். கூரைத் தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இடைவெளிவிட்டு அமைந்துள்ளன. அந்த இடைவெளிக் காற்று, சூடு கீழே இறங்குவதைக் குறைக்கிறது.

முக்கியத்துவம்

லெ கார்புசியே சண்டிகர் பணியைத் தொடங்கியது 1951இல். அதற்கு முன்பே நவீனக் கட்டடக்கலை தென்னிந்தியத் தட்பவெப்பத்துக்கேற்ப இங்கே உருமாறியிருந்தது. திண்டுக்கல் போன்ற சமவெளி ஊர்களில் வெயிலேறிய மொட்டைமாடித் தளம் இரவிலும் சூட்டை வீட்டுக்குள் இறக்குவதால், கான்கிரீட் வீடென்றாலே புழுக்கம் என்ற எண்ணம் உண்டு. கடற்கரை ஈரவெப்பத்துக்கான லூவர் சுவர், உள்நாட்டின் வறண்ட வெப்பத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் திசையறிந்து கட்டுவதும் கூரைக்கு நிழல் தருவதும் இரண்டு இடங்களுக்கும் பொது. குறை கான்கிரீட்டில் மட்டும் இல்லை, அதைப் பயன்படுத்தும் முறையிலும் இருக்கிறது என்பதற்குக் கோல்கொண்ட் சான்று.