மறந்துபோன ஒரு சொல்லைத் தேடி

நண்பர் ஒருவரின் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊர் ஊராகச் சென்று கோயில் கல்வெட்டுகளைப் படியெடுத்தவர். அக்குறிப்புகளை ஆண்டுக்கணக்கில் கணினியில் தட்டச்சிட்டு வந்தவர். அவர் மறைந்தபின் பரணில் கிடந்த அந்தக் கணினி நம் கைக்கு வந்தது. மின்சாரம் கொடுத்ததும் முனகிக்கொண்டே உயிர்பெற்று, விண்டோஸ் எக்ஸ்பியின் நீலத்திரையைக் காட்டி, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது. வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. படியெடுத்த தாள்களோ கரையானுக்கு இரையாகி வெகுகாலம் ஆகிவிட்டது.

பிள்ளைகள் பெயர், பிறந்த ஊர், இட்டதெய்வம் என்று அரைநாள் முயன்று தோற்றபிறகுதான், இந்தக் கடவுச்சொல் என்னும் காவற்காரன் எங்கிருந்து வந்தான் என்று தேடத் தொடங்கினோம்.

கணினி உலகில் அவன் பிறந்த இடம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடம். 1960களின் தொடக்கத்தில் அங்கே பெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை உருவாக்கினர். ஒருவர் கோப்பை மற்றவர் தொடக்கூடாது. அவரவர்க்கு ஒதுக்கிய நேரத்துக்குமேல் கணினியைப் பயன்படுத்தவும் கூடாது. அதற்காகவே ஆளுக்கொரு கடவுச்சொல். காவல் வைத்த மறுகணமே களவும் வந்துவிட்டது. ஒதுக்கிய நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், 1962-ல் எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார்! 1966-ல் நடந்ததோ அதைவிட வேடிக்கை. தற்காலிகக் கோப்புகள் இரண்டு தம்முள் இடம் மாறிக்கொள்ள, கணினிக்குள் நுழைந்தவர்க்கெல்லாம் அன்றைய வரவேற்புச் செய்திக்குப் பதிலாகக் கடவுச்சொற்பட்டியல் காட்சியளித்தது. கோர்பட்டோவே தம் கடவுச்சொற்களைத் தாளில் எழுதி வைத்திருந்ததாக 2014-ல் ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுவோம். நம் பெரியவர் அவ்வாறு எழுதி வைக்கவில்லையே என்பதுதான் நம் குறை.

சொல்லை அப்படியே எழுதி வைப்பது ஆபத்து என்பது புரிந்தது. அதை அரைத்து மாவாக்கி வைத்தால் என்ன? அரிசியிலிருந்து மாவு வரும். மாவிலிருந்து அரிசி வராது. நுழைபவர் தரும் சொல்லையும் அதே இயந்திரத்திலிட்டு அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்த்தால் போதும். 1960களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ராஜர் நீடம் கையாண்ட இம்முறையை யூனிக்ஸ் இயங்குதளம் ஏற்றுக்கொண்டது. ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-ல் வெளியிட்ட கட்டுரையில் இன்னொரு நுட்பத்தையும் விளக்கினர்: அரைக்கும்போது ஒவ்வொரு சொல்லோடும் தற்செயலான சில எழுத்துகளைக் கலந்துவிடுவது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘உப்பு’. உப்பு ஆளுக்கு ஆள் மாறுவதால், எல்லாச் சொற்களையும் முன்கூட்டியே அரைத்துப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு ஒப்பிடும் திருடனின் உழைப்பு வீணாகும்.

எக்ஸ்பியும் சொல்லை வைத்திருப்பதில்லை. மாவை மட்டுமே வைத்திருக்கிறது. ஆகவே அதனிடம் சொல்லைக் கேட்டுப் பயனில்லை. ஆனால் மாவை மாற்றலாம். சாம் என்னும் கோப்பில் அது இருக்கிறது. விண்டோஸ் இயங்கும்போது அக்கோப்பைத் தொட முடியாது. குறுந்தகட்டிலிருந்து லினக்ஸைக் கொண்டு கணினியைத் தொடங்கினால், விண்டோஸ் உறங்கிக்கொண்டிருக்க, அதன் வன்தட்டு வெறும் பெட்டிதான். பெட்டர் நோர்டால்-ஹாகன் என்ற நோர்வேக்காரர் 1990களிலேயே இதற்கென ஒரு நிரலை எழுதி இலவசமாக வழங்கிவிட்டார். சாம் கோப்பை முதலில் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, அந்நிரலால் கடவுச்சொல்லை வெறுமையாக்கினோம். ஐந்து நிமிட வேலை. கணினி ஒன்றும் கேளாமல் திறந்துகொண்டது.

உள்ளே ‘கல்வெட்டு’ என்றொரு கோப்புறை. அதன் பெயர் பச்சை எழுத்தில் இருந்தது. எக்ஸ்பியில் பச்சை எழுத்து என்றால், கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டவை என்று பொருள். அவற்றின் திறவுகோல் பழைய கடவுச்சொல்லோடு பிணைக்கப்பட்டிருக்கும். வாயிற்பூட்டை உடைத்தாயிற்று; பெட்டகமோ அந்தப் பழைய சொல்லையே கேட்கிறது.

இவ்விடத்தில் மீண்டும் நோர்வேக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. டென்மார்க்கின் ஆட்சி 1814-ல் நீங்கியபின்னும் நோர்வேயின் எழுத்துமொழி டேனிஷாகவே இருந்தது. உழவர் மகனான ஐவர் ஓசன் 1840களில் நாடெங்கும் அலைந்து மக்கள் வழக்குகளைத் திரட்டி, இலக்கணமும் அகராதியும் செய்து, புதிய எழுத்துமொழி ஒன்றுக்கு வித்திட்டார். இன்று நீநோர்ஸ்க் எனப்படும் அம்மொழிக்கு 1885-ல் நாடாளுமன்றம் சமநிலை தந்தது. அவர் பிறந்த பண்ணையில் அவர் பெயரால் ஒரு மொழிப் பண்பாட்டு மையம் இருக்கிறது. பேராசிரியர் ரெய்டார் யூபெடாலின் நூற்சேகரம் அங்கே வந்து சேர்ந்தது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளுக்குக் கணினியில் அட்டவணை செய்தவர், கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லாமல் காலமானார். நூல்கள் அலமாரியில் இருக்கின்றன. எது எங்கே என்று சொல்லும் அட்டவணை பூட்டிக் கிடக்கிறது. 2002-ல் மையத்தார் வெட்கம் பாராமல் உலகத்தாரிடம் உதவி கேட்டனர். சுவீடன் நாட்டு மென்பொருள் வல்லுநர் ஒருவர் விரைவிலேயே விடை கண்டார். பேராசிரியரின் குடும்பப்பெயர்தான், கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்துவரை தலைகீழாக!

மேற்சொன்ன கென் தாம்சனின் கதையும் இவ்வகையே. 1980-ஐ ஒட்டிய யூனிக்ஸ் கோப்பொன்றில் அரைபட்டுக் கிடந்த அவருடைய கடவுச்சொல் 2019-ல்தான் உடைந்தது. அது சதுரங்கத்தில் ராணியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவதைக் குறிக்கும் பழைய குறியீடு. 1980-ல் கணினிகளுக்கான உலகச் சதுரங்கப் பட்டத்தை வென்ற ‘பெல்’ பொறியை உருவாக்கிய இருவரில் ஒருவர் வேறென்ன வைத்திருப்பார்?

நம் பெரியவர் என்ன வைத்திருப்பார்? படியெடுத்து வைத்த சாம் கோப்பு கைகொடுத்தது. பதினான்கு எழுத்துக்கு மேற்படாத கடவுச்சொற்களை, எக்ஸ்பி பழைய முறையிலும் அரைத்து வைக்கும் வழக்கமுடையது. சிறிய எழுத்துகளைப் பெரியனவாக்கி, ஏழேழாக வெட்டி, உப்பே சேர்க்காமல்! உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது கணினிக்கும் பொருந்தும் போலும். சுவிட்சர்லாந்தின் பிலிப் ஓக்ஸ்லின் 2003-ல் விளக்கிய முன்கணிப்பு அட்டவணைகள் இத்தகைய மாவை நிமிடங்களில் அடையாளம் கண்டுவிடும். கண்டன. அச்சொல்லை இங்கே எழுதப்போவதில்லை. நண்பரின் பெரியம்மாவிடம் மட்டும் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, உள்ளே எழுந்து போய்விட்டார்.

அதையே மீண்டும் கடவுச்சொல்லாக அமைத்து நுழைந்ததும் பச்சைக் கோப்புறை திறந்தது. திறந்தும் படிக்க முடியவில்லை! ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய கோப்புகள். எல்லாம் கட்டமும் கோடுமாகத் தெரிந்தன. பெரும்பாலானவை டிஸ்கி முறையில் இருந்தமையால் மாற்றி எடுத்துவிட்டோம். பதினொரு கோப்புகள் மட்டும் வேறேதோ எழுத்துருவில் உள்ளன. கணினியில் அவ்வெழுத்துரு இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு அட்டவணை தயாரித்து வருகிறோம், உயிரெழுத்துகள் முடிந்துவிட்டன.