மாமண்டூர் குகைகள்: காஞ்சிபுரம் பக்கத்தில் மகேந்திரவர்மனின் கல்வெட்டு... எப்படிப் போவது? எதைப் பார்ப்பது?

ஐயம்பேட்டை பக்கம் பட்டுச்சேலை எடுக்க வர்றவங்க, அப்படியே காஞ்சிபுரம் கோயில்களைப் பார்த்துட்டு ஊர் திரும்புவது வழக்கம். குடைவரைக் கோயில் என்றாலே மாமல்லபுரம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அங்குள்ள குகைகள் பலவற்றுக்கும் முந்தைய குடைவரைகள், காஞ்சிபுரத்தில் இருந்து சுமார் 15 கி.மீ. தூரத்திலேயே இருக்கின்றன.

எங்கே இருக்கு?

ஐயம்பேட்டையில் இருந்து முதலில் காஞ்சிபுரம் வர வேண்டும். அங்கிருந்து வந்தவாசி சாலையில் செவிலிமேடு பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தூசி, அடுத்து மாமண்டூர். பாலாறு தாண்டியதும் திருவண்ணாமலை மாவட்டம் வந்துவிடும். மேப்பில் வெறுமனே 'மாமண்டூர்' என்று தேடாதீர்கள். செங்கல்பட்டு தாண்டி, பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிற்குமே, அந்த மாமண்டூருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். 'நரசமங்கலம்' என்ற ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

அப்படி என்ன விசேஷம்?

பெரிய ஏரியை ஒட்டிய சிறு குன்றில் மொத்தம் நான்கு குகைகள். 7-ஆம் நூற்றாண்டு, பல்லவர் காலம். வடக்கில் இருக்கும் முதல் குகையில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு உள்ளது. எழுத்து பல்லவ கிரந்தம். 'மத்தவிலாசம்', 'பகவதஜ்ஜுகம்' என்ற இரண்டு நாடகங்களின் பெயர்கள் அதில் வருகின்றன.

மத்தவிலாசத்தை எழுதியது மன்னன் முதலாம் மகேந்திரவர்மனேதான். கதை நடப்பது காஞ்சிபுரத்தில். குடிபோதையில் இருக்கும் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்தத் துறவிதான் திருடிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறான். உண்மையில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஒரு நாய்! அரியணையில் இருந்த ஒருவர், தன் தலைநகரத்தையே வைத்து இப்படி ஒரு காமெடி எழுதியிருக்கிறார். பகவதஜ்ஜுகத்தை எழுதியதும் அவர்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்தில் இந்தக் கல்வெட்டும் ஒரு சாட்சி.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கல்வெட்டு பல இடங்களில் சிதைந்துபோய், முழு வாசகமும் கிடைக்காத நிலையில் இருக்கிறது.

தொடாமல் பாருங்கள்

எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்க வேண்டாம். தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். பெயர் கிறுக்குவது பற்றி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எகிப்தின் அபு சிம்பெல் பாறைக் கோயில் அணை நீரில் மூழ்கப்போகிறது என்றதும், 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து மேட்டில் அடுக்கிக் காப்பாற்றினார்கள். கோயிலையே இடம் மாற்ற முடிந்தது. ஆனால் தேய்ந்துபோன ஓர் எழுத்தை எந்தப் பொறியாளராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

உள்ளே எதைக் கவனிக்கலாம்?

முதலில் தூண்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. மகேந்திரவர்மன் காலக் குகைகளுக்கு இதுதான் அடையாளம். மூன்று கருவறைகள் கொண்ட இரண்டாவது குகைக்கு, பிற்காலச் சோழர் கல்வெட்டில் உருத்திரவாலீஸ்வரம் என்று பெயர். அதன் வாயிற்காவலர் சிற்பங்கள் பார்க்க வேண்டியவை. மற்ற இரண்டும் வேலை முடியாமல் விடப்பட்டவை. அரைகுறைதானே என்று தாண்டிப் போகாதீர்கள். கட்டடம் போல கல் மேல் கல் வைத்து எழுப்புவதில்லை இது. பாறையில் வேண்டாததை வெட்டி எடுத்தால் மிஞ்சுவதுதான் கோயில். ஓர் உளி தவறினாலும் ஒட்டவைக்க முடியாது. முடியாத குகையில் நின்று பார்த்தால்தான் அந்த வேலையின் கஷ்டம் புரியும்.

குகைகள் கிழக்கு பார்த்தவை என்பதால் காலை வெளிச்சம்தான் நல்லது. தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள்.

நேரம் இருந்தால் தூசி பக்கத்திலேயே குரங்கணில்முட்டம். குரங்கு, அணில், முட்டம் அதாவது காகம், மூன்றும் சிவனை வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் ஊர். சம்பந்தர் பாடிய வாலீஸ்வரர் கோயிலோடு, இங்கேயும் ஒரு பல்லவர் குடைவரை உண்டு. இரண்டையும் அரை நாளில் பார்த்துவிடலாம்.